தக்காளி மேல் விழுந்த பழி

எங்கள் வீட்டுக்கு ஒரு நாற்றம் தினமும் காலை எட்டு மணிக்கு வரும், எட்டரைக்குப் போய்விடும். மறுபடி மாலை ஏழுக்கு வரும், ஏழரைக்குப் போய்விடும். ஆபீசுக்குக்கூட இவ்வளவு நேரம் தவறாமல் யாரும் போவதில்லை.

வரும் என்று நான் சொல்வது கேள்வி ஞானம்தான். எனக்கு அது தெரியாது. நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் கிரீஸோடு புழங்கியதில், மூக்குக் கண்ணாடியைத் தாங்குவதைத் தவிர என் மூக்கு வேறு வேலை செய்வதில்லை. வீட்டில் மூக்கு என்றால் அது என் மனைவியின் மூக்குதான்.

அவள் தையல்காரி. ரவிக்கை தைக்கத் துணி கொண்டுவந்தால் அதை வாங்கி நேராக மாடிப்படிக் கம்பியில் ஒரு நாள் காயப்போடுவாள். அந்தத் துணி எந்த பீரோவில் இருந்தது, பக்கத்தில் என்ன சோப்பு இருந்தது என்பதெல்லாம் முதல் மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். இதைக் கேட்டால் வித்தை போலத் தோன்றும். ஆனால் வாசனை கொஞ்சம் அழுத்தமாக இருந்தால் இடது கண்ணுக்குப் பின்னால் வலி கிளம்பும். அப்புறம் அன்றைக்குத் தையல் மிஷின் ஓடாது. சமையல் வாசனையும் ஆகாது என்பதால், அடுப்பு எரியும்வரை அடுக்களைச் சுவரில் இருக்கும் புகை இழுக்கும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் காய்கறிச் செடி வந்ததே இதனால்தான். கடைத் தக்காளியை நாலு தண்ணீரில் கழுவிக் கொடுத்தாலும் அவளுக்கு மருந்து வாடை அடிக்கும். வெண்டைக்காயில் சாக்கு வாடை. கீரையைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆகவே போன வருடம் படுக்கையறையை ஒட்டிய பால்கனியில் பதினோரு தொட்டி வைத்தேன். தக்காளி ஆறு, அவரை மூன்று, கீரை இரண்டு. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: நாறுகிற எதுவும் செடிக்குப் போடக் கூடாது. செடி வளர்க்கிறவர்கள் எல்லாரும் கடலைப் புண்ணாக்கை ஊறப்போட்டு ஊற்றச் சொன்னார்கள். புண்ணாக்கை ஊறப்போட்டால் என் மனைவி என்னை ஊறப்போட்டுவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். தேங்காய் நார்த்தூளும் மக்கிய இலையும் மட்டும்தான். நன்றாக மக்கிய இலை நாறாது; மழை பெய்த மண் மாதிரி இருக்குமாம். இதுவும் அவள் சொல்லித் தெரிந்ததுதான்.

முதல் தக்காளி பழுத்த அன்று அதைப் பால்கனியில் நின்றபடியே கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல், "இன்னொண்ணு இருக்கா?" என்றாள். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருடத்தில் அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட தக்காளி மேல்தான் பழி விழுந்தது.

"வந்துருச்சு," என்றாள் ஒருநாள் எட்டு மணிக்கு, கரண்டியும் கையுமாக.

"எப்படி இருக்கு?"

"குளத்துல ஊறின சாக்கு. அதுக்குள்ள ஒரு முட்டை. அந்த முட்டைக்கும் உடம்பு சரியில்ல."

"எங்கேருந்து வருது?"

கரண்டி படுக்கையறையைக் காட்டியது. அங்கே இருப்பது கட்டில், பால்கனி, அப்புறம் ஒரு சின்னக் குளியலறை. அதில் நாங்கள் குளிப்பதில்லை. நார்த்தூள் மூட்டை, காலித் தொட்டி, மண்வெட்டி எல்லாம் போட்டு அதை என் கிடங்காக்கி வைத்திருந்தேன்.

"உண்மையச் சொல்லுங்க. புண்ணாக்கு வாங்குனீங்களா?"

"சத்தியமா இல்ல."

"எது மேல சத்தியம்?"

"தக்காளி மேல."

"அதுவே குத்தவாளிக் கூண்டுல நிக்குது. வேற எது மேலயாவது பண்ணுங்க."

அதற்குள் படுக்கையறைக் கதவு தானாக மெல்ல நகர்ந்து சாத்திக்கொண்டது. சில நாளாக எட்டு மணிக்கு அது அப்படித்தான் செய்தது. "பாருங்க, கதவே மூக்கப் பொத்திக்குது," என்றாள். நாற்றம் வந்தால் வீடு முழுக்கப் பரவிவிடும் என்பதால், அடுப்பை என்னிடம் விட்டுவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எட்டரைக்கு அடுப்பையும் ஃபேனையும் அணைத்தேன். திரும்பி வந்தாள். ஆனால் இடது கண்ணுக்குப் பின்னால் கிளம்பிய வலி போகவில்லை. அன்று மிஷின் ஓடவில்லை.

எதிர்ப்பக்கத்துக் கடையிலிருந்து வருகிறதோ என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்பு எதிரே வாசனை மெழுகுவத்திக் கடை ஒன்று திறந்திருந்தார்கள். ஆனால் அந்த வாசனை உள்ளே நுழைய வழியே இல்லை. கடை திறந்த வாரமே என் மனைவி பஞ்சு வைத்துத் தைத்த துணிப் பட்டைகளை எல்லா ஜன்னல் விளிம்பிலும், வாசல் கதவிலும், பால்கனிக் கதவிலும் ஒட்டிவிட்டாள். இரட்டைத் தையல். எறும்பு நுழைய வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும்.

மூன்று வாரம் இப்படியே போனது. இருபத்தோரு நாளில் மிஷின் ஓடியது எட்டு நாள். கடைசியில் அவளே தீர்ப்புச் சொன்னாள். சொல்லும்போது ஒரு தக்காளி இலையை விரலில் கசக்கி முகர்ந்துகொண்டிருந்தாள். அந்த வாசனை அவளுக்குப் பிடிக்கும்.

"எனக்கும் மனசு வரல. ஆனா தைக்க முடியல. செடி எல்லாம் தம்பி வீட்டு மொட்டை மாடிக்குப் போகட்டும். ஒரு மாசம் பாப்போம். நாத்தம் வரலேன்னா, அதோட இருப்பு அங்கதான்."

அவள் தம்பி பெயிண்டர். அக்காவின் வீட்டில் அவன் எல்லை வாசற்படி வரைதான். பெயிண்ட், தின்னர், வார்னிஷ் மூன்றும் சேர்ந்த உருவம் அவன். தீபாராதனை காட்டுகிற மாதிரி காபி டம்ளரை அவனிடம் கை நீட்டித்தான் கொடுப்போம். ஆனால் பதினோரு தொட்டியை நான் ஒருவனாகத் தூக்க முடியாது. ஆகவே அன்று அவனுக்கு உள்ளே வர அனுமதி கிடைத்தது, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு.

"வெயில் மண்டையப் பொளக்குது, மாமா," என்றான் கோட்டுக்குள்ளிருந்து.

"கழுத்துப் பட்டனப் போடுறா," என்றாள் அக்கா. "அங்கேருந்துதான் வருது."

"நான் என்ன கேஸ் சிலிண்டரா?"

தொட்டிகள் இறங்கின. அப்புறம் குளியலறை மூட்டைகள். கடைசி மூட்டையைத் தூக்கித் திரும்பும்போது அவன் கோட்டு விளிம்பு பட்டு, அங்கே இருந்த என் தண்ணீர் வாளி கவிழ்ந்தது.

அந்த வாளியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏசி ஓடினால் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீராகும். எங்கள் ஏசியின் குழாய் சுவர் வழியாக அந்தக் குளியலறைக்குள் வந்து தரையில் சொட்டி, மூலையில் இருக்கும் சல்லடை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இரவு ஓடினால் காலையில் முக்கால் வாளி. வீணாகிறதே என்று இரண்டு மாதம் முன்பு குழாயை வாளிக்குள் திருப்பிவிட்டேன். அதைத்தான் செடிக்கு ஊற்றுவேன். இதில் எனக்கு ரொம்பப் பெருமை. லிஃப்டில் ஏறுகிறவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

கவிழ்ந்த தண்ணீர் கடகடவென்று சல்லடைக்குள் இறங்கியது. செடிகள் போயின. அன்று மாலை ஏழு மணி ஆனது. நாற்றம் வரவில்லை.

மறுநாளும் இல்லை. ஒரு வாரம் ஆனது. மிஷின் தடதடவென்று ஓடியது. என் மனைவி சந்தோஷமாகத் தைத்தாள். சாப்பிடும்போது மட்டும் கடைத் தக்காளியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவைத்தாள். நான் தினமும் சாயங்காலம் ஏசித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போவது போல மைத்துனன் வீட்டு மாடிக்குப் போய் வந்தேன்.

"பழம் ஒண்ணு கொறையுதே, மாப்ளே?"

"காக்கா, மாமா."

"காக்கா உப்புப் போட்டுச் சாப்பிடுமா? தொட்டி ஓரமெல்லாம் உப்பு."

"ஒரு மாசத்துல எப்படியும் எனக்குத்தானே வரப்போவுது. இப்பவே பழகிக்கிறேன்."

பதினாறாம் நாள் காலை எட்டு மணிக்கு அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "வந்துருச்சு."

நாற்றம் வந்ததைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். "அதேதானா? முட்டை? சாக்கு?"

"அதே முட்டை. இப்ப அதுக்குக் காய்ச்சலும் சேர்ந்துருக்கு." கண்ணைப் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு நடந்தவள் திரும்பிப் பார்த்தாள். "செடிதான் இங்க இல்லியே."

"இல்ல."

"அப்ப அது பாவம்ல?"

பாவம்தான். ஆனால் தக்காளி இல்லையென்றால் வேறு எது? அதைச் சொல்லாதவரை செடி திரும்பி வராது. அவளுக்குத் தையலும் கிடையாது.

அன்று ஒரு கட்டடத்தில் லிஃப்ட் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தரைத்தளத்தில் கண்ணாடிக் கதவுகளையெல்லாம் சாத்தியிருந்தார்கள். லிஃப்ட் மேலே ஏறிய ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவின் இடுக்கு விசில் அடித்தது. இது எங்களுக்குப் பழகிய சங்கதி. லிஃப்ட் மேலே போகும்போது கீழே காலியாகும் இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். கதவு திறந்திருந்தால் சத்தமில்லாமல் வரும். சாத்தியிருந்தால் இடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே பிய்த்துக்கொண்டு வரும். வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே ஒரு காற்று வராமல் இருக்காது.

ஸ்பானர் கையிலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலிருந்தும் காற்று வெளியே போகிறது. காலை எட்டு முதல் எட்டரை வரை. மாலை ஏழு முதல் ஏழரை வரை. அடுக்களை ஃபேன். ஜன்னலெல்லாம் இரட்டைத் தையல். அப்படியானால் ஈடு காற்று எந்த வழியாக வருகிறது?

மோப்பம் பிடிக்க என் மூக்கு உதவாது. அவள் மூக்கை அனுப்பினால் தலைவலி. ஆகவே மாலை ஆறே முக்காலுக்கு அவளுடைய பாபினிலிருந்து நூலை முழம் முழமாக வெட்டி, ஒவ்வொரு கதவு நிலையிலும் ஒன்றாகத் தொங்கவிட்டேன். அவள் மாடிப்படியில் இருந்தபடி எட்டிப் பார்த்தாள். கீழ்ப்படியில் மைத்துனன். தண்ணீருக்கு நான் வரவில்லையே என்று பார்க்க வந்தவன்.

"வீட்டுக்கு முடி மொளச்சிருக்கு, அக்கா."

"பேசாம இருடா. மாமா ஏதோ கண்டுபிடிக்கிறாரு."

"என் நூல் அது," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஃபேனைப் போட்டேன். எல்லா நூலும் ஒன்றாக அடுக்களைப் பக்கம் சாய்ந்தன. வாத்தியார் வந்ததும் திரும்புகிற பிள்ளைகள் மாதிரி. சாய்ந்த நூலுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தேன். கூடத்திலிருந்து படுக்கையறை. அங்கே பால்கனிக் கதவில் தொங்கிய நூல் அசையவே இல்லை. குளியலறை நூல் என்னை நோக்கிப் பறந்தது. உள்ளே போய்க் குனிந்து, கையிலிருந்த நூலை மூலைச் சல்லடைக்கு மேலே பிடித்தேன். மகுடி கேட்ட பாம்பு மாதிரி நூல் நேராக எழுந்து நின்றது.

"கெடச்சிருச்சு," என்று கத்தினேன்.

அதன் பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து இருவருக்கும் விளக்கினேன். சல்லடைக்குக் கீழே குழாய் நேராகச் சாக்கடைக்குப் போவதில்லை. ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. நாற்றத்துக்கு நீச்சல் தெரியாது. அதைத் தாண்டி வராது. நாங்கள் அங்கே குளிக்காவிட்டாலும் ஏசிச் சொட்டு அந்த வளைவை நிரப்பிக்கொண்டிருந்தது. அதை நான் வாளிக்குத் திருப்பினேன். வளைவு வறண்டது, கதவு திறந்துகொண்டது. எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு ஃபேனைப் போட்டதும், அது காற்றைச் சாக்கடையிலிருந்து உறிஞ்சியது. படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் அந்தக் காற்றுதான்.

"அன்னிக்கு நான் வாளியத் தட்டிவிட்டேனே," என்றான் மைத்துனன்.

"அப்ப வளைவு ரொம்பிருச்சு. அதான் ரெண்டு வாரம் நிம்மதி."

"அப்ப நாத்தத்த நிறுத்துனது நானு. மழைக்கோட்டோட."

"நாறுறவன் நாத்தத்த நிறுத்தினானாம்," என்றாள் அக்கா. பிறகு யோசித்தாள். "அப்ப என் தையலும்தான் காரணமா?"

"பாதி."

"மீதி?"

"என் வாளி."

"தக்காளி?"

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "மொத்தம் எத்தன தின்ன?"

"அஞ்சு."

"நாளைக்கே எல்லாத் தொட்டியும் இங்க வரணும். கோட்டு ஆணியில தொங்குது."

நான் எழுந்து போய் அந்தச் சல்லடையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். பால்கனி இருப்பது கடைக்கு மறுபக்கம், அங்கே மெழுகுவத்தி வாசனை வராது என்பதால், அந்தக் கதவின் பட்டையை மட்டும் பிய்த்து ஒரு விரற்கடை திறந்து வைத்தேன். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தாள், முகர்ந்தாள், இன்னொரு அடி வைத்தாள், நேராக மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

இப்போது ஏசித் தண்ணீரில் முதல் சொம்பு தினமும் காலையில் சல்லடைக்கு, மீதி செடிக்கு. சமைக்கும்போது பால்கனிக் கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கும். நாற்றம் வருவதில்லை.