கீபோர்டுக்குக் கையெழுத்து

எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்காரரை எல்லோரும் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பாராம். வேலை அவரை விட்டுவிட்டது. அவர் வேலையை விடவில்லை. அந்த வீட்டு டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடக்கிறது. சோபா உறை சரசரத்தால், விருந்தாளி வந்திருப்பதை என் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்வேன்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் டைப்பிஸ்ட். இப்போது ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். தேர்வில் தேறினால் கிடைக்கும். அதற்காக மகள் ஒரு வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் வாங்கி அனுப்பியிருந்தாள்.

பெட்டி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். கத்தரிக்கோல் கொடுக்கத்தான் போனேன்; பெட்டியைப் பிரிக்க வேண்டாமா?

ஸ்டோர் கையேட்டை வாய்விட்டுப் படித்தார். மவுஸின் வயிற்று மூடியைத் திறந்தால் உள்ளே நகத்தளவு ரிசீவர். அதைக் கம்ப்யூட்டரில் செருகி, கீபோர்டுக்கு இரண்டு, மவுஸுக்கு ஒன்று என்று பேட்டரி போட்டு, அடியிலிருந்த சுவிட்சைத் தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது. அக்கா அடிக்க ஆரம்பித்தார். இருபத்தாறு வருஷமாகக் கறிகாய் நறுக்கிய விரல்களா அவை என்று நான் வாயைப் பிளந்தேன்.

"போதும் போதும், எழுத்தெல்லாம் அழிஞ்சிடும்," என்றார் ஸ்டோர்.

"அழியறதுக்குத்தானேங்க வாங்கினது?"

"அது சரி. நீ வேலை பார்க்க உக்காந்துட்டா வீட்டை யாரு பார்க்கிறது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"வீடு எங்கயும் ஓடிடாது, அண்ணே," என்றேன் நான்.

நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொன்னது கையேடு. அவருக்கு நெடுநாள் என்பது மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை. காய்ந்த துணியால் துடைப்பார், பிரஷால் இடுக்கைத் தட்டுவார், உறை மாட்டுவார். ரிசீவர் தொலைந்தால் கீபோர்டு வெறும் பலகைதான் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். தினமும் அதைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். ஒரு நோட்டும் போட்டார்: கொடுத்த நேரம், திரும்பிய நேரம், கையெழுத்து. கட்டின பெண்டாட்டி கையெழுத்துப் போட்டு வாங்கினார். பழைய ஒயர் கீபோர்டு பழைய பேப்பர்காரரோடு போய்விட்டது. இதையெல்லாம் நான் மாடிக்கு மாடி சொல்லிச் சிரித்தேன். கதைக்குக் கால் முளைத்து, முதல் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்கா கைநாட்டு வைப்பதாக ஆகிவிட்டது.

தேர்வு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே. பத்து நிமிஷத்துக்குள் நுழையாவிட்டால் அவ்வளவுதான், மறு வாய்ப்பு கிடையாது. ஒரு வாரமாக அக்கா வேறு பேச்சே பேசவில்லை. அன்றைக்குப் பார்த்து ஸ்டோர், கண் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பத்தே முக்காலுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினார். பீரோ சாவி அவர் சட்டைப் பையில்.

பதினொன்று ஐந்துக்கு அக்கா என் கதவைத் தட்டினார். "ஃபோன் எடுக்க மாட்டேங்கிறாருடி. உன் வீட்டுக் கீபோர்டைக் கொஞ்சம் குடேன்."

கீபோர்டையும் மவுஸையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். தட்டினால் ஓர் எழுத்தும் வரவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்: என்னுடைய ரிசீவரை என் கம்ப்யூட்டரிலேயே விட்டு வந்திருந்தேன். திரும்ப ஓடி, மேசைக்கடியில் குனிந்து பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது ஜன்னல் வழியே கீழே பூங்கா பெஞ்சு தெரிந்தது. பெஞ்சில் ஸ்டோர். ஃபோனை எடுத்துப் பார்த்தார். மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

நான் வந்து செருகும்போது பதினொன்று பன்னிரண்டு. அனுமதி நேரம் முடிந்துவிட்டதாகத் திரை சொன்னது.

பன்னிரண்டு மணிக்கு ஸ்டோர் வந்தார். "டாக்டர்கிட்ட ஒரே கூட்டம். ஃபோன் சைலண்ட்ல கிடந்திருக்கு. விடு, இது இல்லன்னா இன்னொண்ணு."

அக்கா என் கீபோர்டையும் மவுஸையும் எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வாய்க்கு வந்த விஷயத்தை விழுங்கிப் பழக்கமில்லாத நான், இதை மூன்று நாள் விழுங்கினேன். நாலாம் நாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அக்காவிடம் பெஞ்சு விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

அக்கா போர்வையை உதறிக் கொடியில் போட்டார்.

"தெரியும். நீ ரிசீவரை எடுக்க ஓடினப்ப, பால்கனியில நின்னு அவரைப் பார்த்துக்கிட்டேதான் ஃபோன் அடிச்சேன்."

"அட! மேலேர்ந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாமேக்கா!"

"போட்டிருந்தா நிமிர்ந்து பார்த்திருப்பாரு. பார்த்துட்டும் எந்திரிக்காம உக்காந்திருந்தா, அப்புறம் நான் எங்கடி போறது?"