அறுபதுக்குக் கீழே யாரும் இல்லை

பள்ளிக்கூடத்தில் எனக்கு முட்டை டீச்சர் என்று பெயர். கணக்கு தப்பென்றால் முட்டை போடுவேன், அதனால் வந்த பெயர். பாதி சரியென்றால் பாதி மார்க். கெஞ்சினால் அதுவும் போச்சு. இருபது வருடமாக இப்படித்தான். வீட்டிலும் இதே கதைதான். என் வீட்டுக்காரர் சமைத்த அன்றைக்கு, "உப்பு கம்மி, பத்துக்கு மூணு" என்று சொன்னால், அவர் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "டீச்சர், இனிமே நம்ம ஸ்கூல்ல முட்டையே கிடையாது" என்றார் ஹெட்மாஸ்டர்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். தேன் ஒழுகப் பேசுவார். கோபமே வராது. அவருக்குக் கோபம் வராததுதான் எனக்குக் கோபம்.

"அப்ப என்ன சார் போடுறது?"

"ஐம்பது. எந்தப் பிள்ளைக்கும் அதுக்குக் கீழ மார்க் கிடையாது. பூஜ்யத்தைப் பார்த்தா பிஞ்சு மனசு உடைஞ்சு போயிடும்."

"பேப்பர்ல ஒண்ணுமே எழுதலன்னா?"

"ஐம்பது."

"பரீட்சைக்கே வரலன்னா?"

"வீட்ல என்ன கஷ்டமோ, பாவம். ஐம்பது."

பிஞ்சு மனசு எல்லாம் பிறகு. அவர் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்த்தெருப் பள்ளிக்கூடத்தின் பேனர் தெரியும். 'எங்கள் பள்ளியில் தோல்வி என்ற சொல்லே இல்லை' என்று ஆள் உயர எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பேனரைப் பார்த்துப் பார்த்துத்தான் மனிதருக்கு இந்த யோசனை முளைத்தது. பெற்றோர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

உண்மையான மார்க்கைத்தான் போடுவேன் என்று எந்த ஆசிரியராவது அடம்பிடித்தால், அவர் பெற்றோரை வரவழைத்து விளக்கம் சொல்ல வேண்டும். விடுமுறை நாட்களில் வந்து தனி வகுப்பு எடுக்க வேண்டும். யாருக்குத்தான் விடுமுறை கசக்கும்? அறிவியல் மாஸ்டர் எல்லோருக்கும் தொண்ணூறு போட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். நான் அடம்பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு என்று தட்டினால், அது ஒரு தடவை கண்சிமிட்டிவிட்டுத் தானாகவே ஐம்பது என்று மாற்றிக்கொண்டது.

அந்தப் பன்னிரண்டு பென்சிலுடையது.

பென்சில் என்று வகுப்பே கூப்பிடும் ஒரு பெண். ஒல்லி. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அப்பா டவுன் பஸ் டிரைவர். வருடத்தின் முதல் பரீட்சையில் நான் அவளுக்குப் பன்னிரண்டு போட்டேன். மற்ற பிள்ளைகள் என்றால் பேப்பரை நாலாய் மடித்துப் பைக்குள் திணித்துவிடுவார்கள். இவள் அதைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"டீச்சர், இந்தப் பன்னிரண்டு எதுக்குக் கிடைச்சுது?"

"எதுக்குக் கிடைக்கலன்னு கேளுடி. அதுதான் நிறைய இருக்கு."

"அது அப்புறம் டீச்சர். எது சரின்னு முதல்ல தெரிஞ்சாத்தானே அங்கிருந்து போக முடியும்?"

காட்டினேன். மறுநாள் இடைவேளையில் அடுத்த படியைப் போட்டுக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். எதற்கு இப்படி விழுந்து விழுந்து படிக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்கப்பா பஸ்ஸுக்கு டைம்டேபிள் போட்ட ஆளுக்குக் கணக்கே தெரியாது டீச்சர். மேடு ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் ஒரே நேரம் கொடுத்திருக்கார். அப்பா தினமும் லேட்டு, தினமும் திட்டு. நான் பெரிய கிளாஸ்ல கணக்குப் பிரிவு எடுத்துப் படிச்சு, அந்த ஆளோட நாற்காலியில உட்காரப் போறேன்."

இரண்டாம் பரீட்சையில் இருபத்தேழு வாங்கினாள். மூன்றாவதில் நாற்பத்தொன்று. சிவப்பு மையில் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். அவள் அப்பா அந்தப் பேப்பர்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் வரிசையாக ஒட்டிவைத்திருப்பதாகச் சொன்னாள். ஆனால் ரிப்போர்ட் கார்டில் ஐம்பது, ஐம்பது, ஐம்பது.

இதற்குள் எதிர்த்தெருவில் குறைந்தபட்சம் ஐம்பத்தைந்து என்று பேனரை மாற்றினார்கள். நம்மவர் விடுவாரா? ஏலத்தில் கை தூக்குவதுபோல அறுபது என்றார். பழைய பரீட்சைகளுக்கும் சேர்த்தே அறுபது. கருணை என்று வந்துவிட்டால் முன்தேதியிட்டுத்தான் செய்வார் அவர்.

"பன்னிரண்டுக்கும் அறுபது, நாற்பத்தொண்ணுக்கும் அறுபது" என்று புதுக் கார்டை என்னிடம் நீட்டினாள் பென்சில். "நான் ஏற ஏறத் தரையும் கூடவே ஏறுதே டீச்சர்."

கார்டை மடித்து அவள் கையிலேயே கொடுத்து, அடுத்த கணக்கைப் போடச் சொன்னேன்.

வருடக் கடைசி நெருங்கியது. ஹெட்மாஸ்டர் எங்களை எல்லாம் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது. கணக்குப் பிரிவுக்கு இருப்பது ஒரே ஒரு வகுப்பு. மனுப் போட்டவர்களோ மூன்று வகுப்புக்கு இருந்தார்கள். மற்ற ஆசிரியர்கள் அள்ளி வீசிய மார்க்கால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் தொண்ணூற்றைந்துக்கு மேல். யாரை எடுப்பது, யாரை விடுவது? எல்லோரையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி நிறுத்திவிட்டு, இப்போது யார் உயரம் என்று தேடினார்.

"அதனால மார்க்கைப் பார்க்கப் போறதில்ல. முன்னேற்றத்தைப் பார்க்கப் போறோம்" என்றார். "முதல் பரீட்சையில எவ்வளவு, கடைசிப் பரீட்சையில எவ்வளவு. யார் அதிகமா ஏறியிருக்காங்களோ அவங்களுக்கு இடம்."

ஆகா, தெய்வம் கண் திறந்துவிட்டது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மறுநிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பென்சில் அறுபதில் இருந்து அறுபதுக்கு ஏறியிருக்கிறாள்.

"சார், நிஜமாவே ஏறின பொண்ணு ஒருத்தி இருக்கா. அவளுக்குத்தான் முன்னேற்றம் இல்லைன்னு வரும்."

"எப்படி டீச்சர் வரும்? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதே."

"முதல் பரீட்சையில அவ பன்னிரண்டு சார், அங்கிருந்து—"

"டீச்சர்!" அவர் எழுந்தே விட்டார். "அந்த நம்பரை எல்லாம் சத்தமா சொல்லாதீங்க. ஜன்னல் திறந்திருக்கு."

பென்சிலுக்கும் செய்தி எட்டியது. அந்த வார மாதிரித் தேர்வில் வெள்ளைத்தாளை அப்படியே நீட்டினாள். காதில் பென்சில் இல்லை.

"எழுதினாலும் அறுபது, எழுதலன்னாலும் அறுபது. எழுதாம இருந்தா கையாவது வலிக்காதுல்ல டீச்சர்?" என்றாள். கடைசிப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அதற்கும் இப்படியே வெள்ளைத்தாள்தான் தருவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இருபது வருடத்தில் நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு முட்டை போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளையும் அதனால் பென்சிலைக் கீழே வைத்ததில்லை. இவள் அறுபதைப் பார்த்து வைத்துவிட்டாள்.

நேராக ஆபீஸுக்குப் போனேன். அங்கே குமாஸ்தா இருந்தார். ரப்பர் ஸ்டாம்ப் குத்தும்போது மட்டும் சிரிக்கிற மனிதர். பென்சிலின் பழைய மார்க்கை ஏற்றச் சொன்னேன். அவர் பன்னிரண்டு என்று தட்டினார். அறுபது என்று மாறியது. அழுத்தித் தட்டினார். அப்போதும் அறுபது.

"நான் என்ன பண்ணட்டும் டீச்சர்? இதுக்கு இரக்க குணம் ஜாஸ்தி."

"பன்னிரண்டைப் பன்னிரண்டா ஏத்துக்குற இடமே இதுல கிடையாதா?"

தாடையைச் சொறிந்தார். "ஒரே ஒரு இடம் இருக்கு. வேற ஸ்கூல்ல இருந்து புதுசா சேர்ற பிள்ளைங்க கொண்டு வர்ற மார்க்கை அப்படியே ஏத்தலாம். நம்ம இரக்கம் நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும்தான்."

"சரி, இவளும் புதுசா சேரட்டும்."

"சேரணும்னா முதல்ல போகணுமே டீச்சர்?"

"போவா. நீங்க டி.சி. எழுதுங்க."

அவர் ஸ்டாம்ப் பேடைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு ஆரம்பித்திருந்தது.

பென்சிலின் அப்பாவை வரச்சொன்னேன். இரண்டு டிரிப்புக்கு நடுவே யூனிபார்மோடு ஓடிவந்தார். டி.சி. என்றதும் ஆள் ஆடிப்போய்விட்டார்.

"என் பொண்ணு என்ன தப்பு பண்ணினா டீச்சர்?"

"ஒரு தப்பும் பண்ணலைங்க. அவ இந்த ஸ்கூலை விட்டுப் போயிட்டு, திரும்ப இதே ஸ்கூல்ல சேரணும். அவ்வளவுதான்."

விஷயத்தை முழுக்கச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி யோசித்தார். "கிளம்பின இடத்துக்கே திரும்பி வரணும்ங்கிறீங்க."

"ஆமா."

"அதுதானே டீச்சர் நான் தினமும் செய்யுற வேலை" என்றார்.

வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் டி.சி.யில் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் அவருக்கு இல்லை. இரண்டு நாள் பென்சில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் சொந்தமில்லாமல் இருந்தாள். திங்கட்கிழமை காலையில் அப்பாவோடு வந்தாள். அலமாரிக் கதவிலிருந்து உரித்த பேப்பர்களில் பசையும் பச்சைப் பெயின்ட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. சேர்க்கைப் படிவத்தில் 'முன்பு படித்த பள்ளி' என்ற இடத்தில் குமாஸ்தா எங்கள் பள்ளியின் பெயரையே எழுதி, அதன்மேல் ஆசைதீர ஸ்டாம்ப் குத்தினார். ஒரு பொய்யும் இல்லை அதில்.

"வாம்மா, வா. எந்த ஸ்கூல்ல இருந்து வர்ற?" என்றார் ஹெட்மாஸ்டர்.

வருடம் முழுக்கத் தினமும் காலையில் தனக்கு வணக்கம் சொன்ன பெண்ணை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அறுபது வாங்குகிறவர்களின் முகமெல்லாம் அவருக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்போல.

"பக்கத்துலதான் சார்" என்றாள் பென்சில்.

அவர் முதல் பேப்பரைப் பார்த்தார். நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "பன்னிரண்டா! யாரும்மா இப்படிக் கல்நெஞ்சோட போட்டது?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அங்க ஒரு டீச்சர் சார். ரொம்பக் கண்டிப்பு."

அந்த ஒரு மாதம் அவள் காதில் மறுபடியும் பென்சில் இருந்தது. கடைசிப் பரீட்சையில் கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாள். நான் திருத்தினேன். ஐம்பத்துநான்கு. கம்ப்யூட்டர் வழக்கம்போல அறுபது ஆக்கியது. ஆனால் இந்தத் தடவை அது பன்னிரண்டிலிருந்து அறுபது. பள்ளியிலேயே அதிக முன்னேற்றம் அவளுக்குத்தான். கணக்குப் பிரிவில் முதல் இடம்.

ஆண்டு விழாவில் ஹெட்மாஸ்டர் அவளை மேடைக்கு அழைத்துத் தோளில் கைவைத்தபடி மைக்கைப் பிடித்தார்.

"நான் பேர் சொல்ல விரும்பல. ஆனா ஒரு ஸ்கூல்ல இந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டு மார்க் போட்டிருக்காங்க. மனசாட்சி இருக்கா அவங்களுக்கு? நம்மகிட்ட வந்த ஒரே மாசத்துல அறுபது! அந்த ஸ்கூலை நடத்துறவங்க வெட்கித் தலைகுனியணும்!"

சொல்லிவிட்டு எதிர்த்தெருப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லாம் தெரிந்த பென்சிலின் வகுப்புதான் அதிகமாகத் தட்டியது. குமாஸ்தா ஒரு ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. கடைசி வரிசையில் டிரைவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் கை வலிக்கத் தட்டினேன்.

கீழே இறங்கி வந்தவள் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"டீச்சர், நிஜத்துல எவ்வளவு?"

"ஐம்பத்துநாலு."

"அப்ப ஆறு மார்க் என்னோடது இல்ல."

"ஊருக்கே கொடுக்கிறாங்க, வாங்கிக்கோயேன்டி."

"வேணாம் டீச்சர். அடுத்த பரீட்சையில கழிச்சிடுங்க."

விழா சந்தோஷத்தில் ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். மறுவருடம் கணக்குப் பிரிவின் முதல் பரீட்சையில் அறுபத்தாறு வாங்கினாள். முழுக்க முழுக்க அவள் உழைப்பு. பேப்பரைக் கொடுத்தேன். இடைவேளையில் அதே பேப்பரோடு வாசலில் நின்றாள்.

"ஆறு கழிக்கலையே டீச்சர்?"

இருபது வருடமாக அரை மார்க்குக்கு என்னோடு மல்லுக்கு நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மார்க்கைக் குறைக்கச் சொல்லி நின்ற பிள்ளை இவள் ஒருத்திதான். திட்டிப் பார்த்தேன். "கார்டுல முன்னேற்றம் இல்லைன்னு வரும்டி" என்று பயமுறுத்திப் பார்த்தேன். "எனக்குத் தெரியும்ல டீச்சர், அது போதும்" என்றாள். கடைசியில் கெஞ்சியும் பார்த்தேன். முட்டை டீச்சர் ஒரு மாணவியிடம் கெஞ்சினாள் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவள்தான் ஜெயித்தாள். அறுபது என்று போட்டேன்.

கார்டு அச்சாகி வந்த அன்றைக்கு ஹெட்மாஸ்டர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், அந்தப் புதுப் பொண்ணைப் பாருங்க. போன தடவையும் அறுபது, இப்பவும் அறுபது. முன்னேற்றம் இல்லைன்னு வந்திருக்கு. பன்னிரண்டுல இருந்து என்னமா ஏறி வந்த பொண்ணு! நம்மகிட்ட வந்ததும் அப்படியே நின்னுபோச்சே." குரலைத் தாழ்த்தினார். "ஒருவேளை அந்தப் பழைய ஸ்கூல்ல நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருப்பாங்களோ?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"ஆமா சார்" என்றேன். "நல்ல ஸ்கூல் அது. நானும் அங்கதான் இருபது வருஷம் வேலை பார்த்தேன்."