கீழ்க்கிளைப் பழம்

லோயிஸ் செத்துப்போன அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது கொல்லைப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாவு வீட்டில் என்ன சிரிப்பு என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

அப்பாவைக் கிடத்திய கட்டிலைத் தூக்க வந்த மூன்று பேரும் கொய்யா மரத்தடியில் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தங்கவேல் கையில் ஒரு பழம்.

“பெருசு இருந்தவரைக்கும் ஒரு பிஞ்சு குடுத்திருக்குமா? கந்தலச் சுத்திச் சுத்திக் கட்டிகினே இருந்துச்சு.”

பொய்யில்லை. அப்பா ஜெபரத்தினம் அணிலுக்குப் பயந்து காய்க்குக் காய் கந்தல் கட்டியவர். கொய்யா விஷயத்தில் மகா கஞ்சன். பெற்ற மகளே கேட்டு வாங்கித்தான் தின்ன வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையிறங்கிப் போன பிறகு காலரா மட்டும் ஊரில் தங்கிவிட்டது. போன வாரம் மேட்டுத்தெருவில் செத்தவனைத் தொட ஆளில்லாமல் குப்பை வண்டியில் ஏற்றிப் போனதை லோயிஸ் கண்ணால் பார்த்தாள். அதனால்தான் விடியற்காலையில் வாந்திபேதியில் அப்பா அடங்கியதும், அவள் புருஷன் எலியேசர் தெருவெல்லாம் மாரடைப்பு என்று சொல்லிவிட்டு வந்தான். அவளும் தலையாட்டினாள். அப்பா குப்பை வண்டியில் போகக் கூடாது, அவ்வளவுதான். யுத்தகாலத்தில் பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை. கயிற்றுக் கட்டிலிலாவது நாலு பேர் தோள்மேல் போகட்டும்.

ஆனால் பேதித் துணிகளை அலசி அந்தக் கொய்யா மரத்தின் கீழ்க்கிளையில்தான் போட்டிருந்தாள். ஆட்கள் வரும் சத்தம் கேட்டு அவசரமாக வாரி ஒளித்தாள். சொட்டிய தண்ணீரையெல்லாம் பழங்களைச் சுற்றியிருந்த கந்தல் குடித்து வைத்திருந்தது.

எலியேசரும் பார்த்துவிட்டான். அவள் கையைப் பிடித்தான்.

“வாயத் தொறக்காத, லோயிசு. சொன்னா ஒருத்தன் நிக்கமாட்டான். மாமாவ யாரு தூக்கறது?”

தங்கவேல் கந்தலைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பழத்தைக் கடித்தான். மற்ற இருவரும் கிளையை வளைத்துப் பறித்தார்கள்.

லோயிஸ் கட்டிலைப் பார்த்தாள். பிறகு கொல்லைக்கு ஓடினாள்.

“தின்னாதீங்க! துப்புங்கண்ணா, துப்புங்க! நைனாவுக்கு வாந்திபேதி. அந்தத் துணியெல்லாம் இந்தக் கெளைலதான் போட்டிருந்தேன்.”

இருவர் கையிலிருந்தும் பழம் விழுந்தது. திட்டக்கூட நிற்கவில்லை, வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு ஓடியே போனார்கள். தங்கவேல் குனிந்து துப்பினான். தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தான். எச்சில்தான் வந்தது.

“முழுங்கிட்டேன், தங்கச்சி,” என்றான்.

வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து கட்டிலருகே நின்று எலியேசரைப் பார்த்தான்.

“முன்னாடி புடிக்கிறியா, பின்னாடியா? நான்தான் தின்னாச்சே. இனிமே எங்க ஓடறது?”

இரண்டே பேராகத் தூக்கினார்கள். ஒரே ராத்திரியில் வற்றிப்போயிருந்த அப்பா கனக்கவில்லை. லோயிஸ் வாசலில் நின்று ஜெபிக்க ஆரம்பித்தாள். வாயில் வந்தது தங்கவேல் பேர்தான்.

தெருமுனையில் கட்டில் நின்றது. தங்கவேல் தன் பக்கத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டு வயிற்றில் கைவைத்தான். லோயிஸ் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் நழுவிய வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி கட்டிலைத் தூக்கினான்.