கடிக்காத நூலின் தடம்

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாயகிருஷ்ணனை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் செய்த பல் ஒன்று பல வருடமாக என் வாயில், வலது கீழ்த்தாடையில், கடைசிக்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. அவரும் என்னைப் பார்த்ததில்லை. பல் டாக்டர் அளவெடுத்து அனுப்பிய சாந்து அச்சை மட்டும் பார்த்திருப்பார். என்னைப் பார்க்காமல் அவர் எனக்குப் பல் செய்தார். அவரைப் பார்க்காமல் நான் அவருக்குக் கதை செய்கிறேன். அவர் செய்தது பொருந்திவிட்டது. [என்னுடையது உறுத்தினால் தாங்களே கொஞ்சம் தேய்த்துக்கொள்ளவும்.]

கதை கிடைத்த விதம் பின்வருமாறு. போன மாதம் வேறொரு பல்லுக்காகக் கோவில்பட்டியில் டாக்டர் வேணுகோபாலிடம் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக, "இந்தப் பல்லையெல்லாம் யார் செய்றா டாக்டர்?" என்று கேட்டேன்.

"மாயகிருஷ்ணன்னு ஒருத்தர், சாமித்துரை லேப்ல இருக்காரு. இத்தனை வருசத்துல ஒரே ஒரு தடவைதான் இங்கன வந்திருக்காரு."

"எதுக்கு வந்தாரு?"

"வாயை நல்லாத் திறங்க," என்றார் டாக்டர். திறந்தேன். பஞ்சை வைத்து அடைத்துவிட்டார். அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு தடவைதான் இந்தக் கதை. இனி வருவது முழுக்க என் கற்பனை. டாக்டர் வேணுகோபால் இதைப் படித்தால் தயவுசெய்து திருத்த வேண்டாம்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"2009 ஆவணி மாதம், கரிசல் மண் வாயைப் பிளந்து மழைக்குக் காத்துக்கிடந்த—"

மண் எதற்கு வாயைப் பிளக்க வேண்டும்? கதையில் ஏற்கெனவே போதுமான வாய்கள் இருக்கின்றன. அடித்துவிட்டேன்.

"கடலைமிட்டாயைக் கடித்ததில் சத்தியபாமாவின் முன்பல்—"

ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் எதிர்பார்ப்பது இதைத்தான். மன்னிக்கவும். இந்தக் கதைக்குப் பல் உடைத்துக்கொள்ள வரும் சத்தியபாமாவின் பல்லை உடைத்தது எட்டயபுரம் பஸ். ஆடு குறுக்கே வந்தது, டிரைவர் பிரேக்கை மிதித்தார், முன் சீட்டுக் கம்பி சத்தியபாமாவின் இடப்பக்க முன்பல்லில் இடித்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கரண்ட் போவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கரண்ட் போவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பத்து மணிக்கு மின்வெட்டு. மாயகிருஷ்ணன் சத்தியபாமாவின் சாந்து அச்சை ஸ்கேனருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். உள்ளே அச்சு மெதுவாகச் சுற்றியது. கோடுகோடாக வெளிச்சம் அதன்மேல் ஏறி இறங்கியது. பதினாறு வருடமாக மெழுகில் பல் செதுக்கிய கை, இப்போது மடியில் சும்மா கிடந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

இந்த மிஷினுக்காக லேப் முதலாளி சாமித்துரையிடம் இரண்டு வருடம் மன்றாடியிருந்தார். கடைசியில் ஒரு மாதம் வைத்துப் பார்க்க வந்திருக்கிறது. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏலே மாயா, ஒண்ணு சொல்லிருதேன். மொதப் பல்லு சரியில்லன்னு டாக்டர்கிட்ட இருந்து திரும்பி வந்துச்சுன்னு வையி, இந்தப் பொட்டியும் அன்னைக்கே திரும்பிப் போயிரும். நீ பழையபடி மெழுகு உருக்கலாம்."

"வராது அண்ணாச்சி."

"போன தீவாளிக்கு மிக்சி வித்தவனும் இப்படித்தான் சொன்னான்."

திரையில் சத்தியபாமாவின் பற்கள் பூசணிக்காய் அளவுக்கு வந்து நின்றன. இடப்பக்க முன்பல் இருந்த இடத்தில் புதுப் பல்லை மாட்டுவதற்காக டாக்டர் தேய்த்துவிட்ட அடிக்குச்சி மட்டும் தெரிந்தது. வலப்பக்க முன்பல் முழுசாக இருந்தது. அதன் நுனியில் ஒரு சின்னப் பள்ளம், நகத்தால் கீறினாற்போல.

லேப்பில் ஒரு விதி உண்டு: பக்கத்துப் பல்லைப் பார்த்துச் செய். மாயகிருஷ்ணன் பட்டனைத் தட்டினார். வலப்பக்கப் பல்லைக் கம்ப்யூட்டர் அப்படியே கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி இடப்பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. பள்ளத்தையும் சேர்த்து.

"பாருங்க அண்ணாச்சி, ஒரு கீறலைக்கூட விடல!"

"விடாட்டி சரிதான்," என்றார் சாமித்துரை. "சீக்கிரம் அனுப்பு, கரண்ட் போயிரும்."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தப் பல் இன்டர்நெட் வழியாகச் சென்னைக்குப் போனது. அங்கே ஒரு வெள்ளைக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்துக் கூரியரில் அனுப்பினார்கள். மாயகிருஷ்ணன் அதற்குச் சாயம் தீட்டி, சூளையில் வைத்து மெருகேற்றி டாக்டருக்கு அனுப்பினார். அன்று அவர் இரண்டு டீ குடித்தார்.

4

இந்த இடத்தில் எனக்கு மாயகிருஷ்ணன்மேல் ஒரு சந்தேகம். பதினாறு வருடம் பல் செய்த மனுஷனுக்கு அந்தப் பள்ளம் என்னவென்று தெரியாதா?

யோசித்துப் பார்த்தேன். தெரியாதுதான். டாக்டரிடமிருந்து அச்சோடு வருகிற சீட்டில் பெயர், வயது, எந்தப் பல், என்ன நிறம் என்று நான்கு கட்டம் இருக்கும். என்ன வேலை என்று கட்டம் கிடையாது. ஆயிரக்கணக்கான வாய்களை அறிந்தவர், ஒரு முகத்தையும் அறியாதவர். மெழுகில் செய்திருந்தால் கை சோம்பல்பட்டு அந்தப் பள்ளத்தை விட்டிருக்கும். கம்ப்யூட்டருக்குச் சோம்பல் கிடையாது. [இந்த வாக்கியத்தைக் கருத்தரங்கில் வாசிக்கலாம் போலிருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. இருக்கட்டும்.]

சீட்டில் இல்லாததை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். சத்தியபாமா தையல்காரர். இருபத்திரண்டு வருடமாக ரவிக்கை தைக்கிறார். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நூலை வலப்பக்க முன்பல்லால் கடித்துத்தான் அறுப்பார். பள்ளம் அப்படி விழுந்தது. வலப்பக்கத்தில் மட்டும்.

அதாவது கம்ப்யூட்டர், இடப்பக்கத்துப் பல் ஒருநாளும் பார்க்காத வேலையை அதன் கணக்கில் ஏற்றிவிட்டது. பென்ஷன் மட்டும்தான் பாக்கி.

5

புதன்கிழமை மதியம் டாக்டர் வேணுகோபால் லேப்புக்குப் போன் பண்ணினார். "ரெண்டு பேரும் உடனே வாங்க." சாமித்துரை போனை வைத்துவிட்டு ஸ்கேனர் வந்த அட்டைப்பெட்டி எங்கே என்று தேடச் சொன்னார்.

மாயகிருஷ்ணன் கிளினிக்குக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் ஓர் அம்மாள் கைக்கண்ணாடியோடு சாய்ந்திருந்தார். திரையில் பூசணிக்காயாகப் பார்த்த பல், இங்கே கடுகாக, ஈரமாக, ஒரு முகத்துக்கு நடுவில் இருந்தது. மாயகிருஷ்ணனுக்கு ஏனோ வெட்கமாக இருந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி!" என்றார் டாக்டர். "சும்மா பொருத்திப் பாத்தேன். எது நெசம், எது செஞ்சதுன்னு எனக்கே தெரியல. நுனில இருக்க பள்ளத்தைக்கூட விடாம வச்சிருக்காரு. இனிமே என் கேஸ் எதையும் மதுரை லேப்புக்கு அனுப்பப் போறதில்ல."

சாமித்துரையின் முகம் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. "மிஷின்னா மிஷின் டாக்டர்! நான்தான் இவனை வாங்கச் சொன்னேன்."

டாக்டர் பல்லைக் கழற்றித் துடைத்தார். நிரந்தரமாக ஒட்டுவதற்குக் கண்ணாடித் தட்டில் சிமெண்டைக் குழைக்க ஆரம்பித்தார்.

"ஒரு நிமிசம் டாக்டர்," என்றார் சத்தியபாமா. "பல்லு அழகாத்தான் இருக்கு. ஆனா நான் நூலை வலப்பக்கம்தான் கடிக்கது. இந்தப் பக்கம் கடிச்சதே இல்ல. அப்ப இது யாரு கடிச்ச தடம்?"

சொன்னதோடு நில்லாமல் சேலை ஓரத்தில் தொங்கிய ஒரு நூலை எடுத்து, வலப்பக்கத்தால் டக்கென்று கடித்தும் காட்டினார்.

டாக்டரின் கை நின்றது. "மாயகிருஷ்ணன், இது நீங்க வேணும்னு வச்சதா, தானா வந்ததா?"

சாமித்துரையின் செருப்புக்கால் மாயகிருஷ்ணன் காலை மெல்ல மிதித்தது. "வேணும்னுதான்னு சொல்லு," என்று பல்லுக்குள் முணுமுணுத்தார்.

"சரிபண்ணணும்னா எத்தனை நாளாகும் அண்ணாச்சி?" என்று சத்தியபாமா கேட்டார்.

"பத்து நாள் ஆகும்மா, அதுவரைக்கும் இதை ஒட்ட முடியாது," என்றார் சாமித்துரை.

"வெள்ளிக்கிழமை எம் மகளுக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டுக்காரவிய முன்னால தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கணும். நின்னா நின்னுட்டுப் போறேன், அது பெரிசில்ல. எம் வாயில இருக்கப் போறது என்னன்னு எனக்குத் தெரியணும்லா? நீங்களே சொல்லுங்க," என்று மாயகிருஷ்ணன் பக்கம் திரும்பினார்.

6

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

(அ) "வேணும்னுதாம்மா வச்சேன், ரெண்டும் ஜோடியா இருக்கட்டும்னு," என்றார் மாயகிருஷ்ணன். டாக்டர் நம்பினார். சாமித்துரை நம்பியதுபோல் நடித்தார். சத்தியபாமா தினமும் ஊசியில் நூல் கோக்கிறவர். அவர் மாயகிருஷ்ணனை ஒரு பார்வை பார்த்தார், பாருங்கள்— எழுத முடியவில்லை.

(ஆ) "தானா வந்ததும்மா. நான் கவனிக்கல," என்றார். மிஷின் பெட்டிக்குள் போனது. மனசாட்சி குளிர்ந்தது. வெள்ளிக்கிழமை, நிச்சயத்தில், ஒரு தாய் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு— இதுவும் நன்றாக இல்லை. உண்மை பேசியவர் ஒருவர், வாயைப் பொத்துகிறவர் வேறொருவர்.

(இ) டாக்டர் சமரசம் சொன்னார்: "ரெண்டு பல்லையும் லேசாத் தேய்ச்சு சமமாக்கிட்டா யாருக்கும்—"

"செஞ்ச பல்லு செஞ்ச தப்புக்கு எம் பல்லைத் தேய்ப்பியளோ?" என்று சத்தியபாமா கேட்டுவிட்டார். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவேண்டியதாயிற்று.

நான்காவதாக ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். உண்மையையும் சொல்லி, மிஷினையும் காப்பாற்றி, அந்த அம்மாளையும் வாய்விட்டுச் சிரிக்கவைக்கிற ஒரு வாக்கியம். கிடைக்கவில்லை. எனக்குப் பல்லைப் பற்றி எதுவும் தெரியாது. மாயகிருஷ்ணனுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கலாம்.

நிலவரம் இதுதான்: சத்தியபாமா கண்ணாடியை மடியில் கவிழ்த்துவிட்டு மாயகிருஷ்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சாமித்துரையின் கால் இவ்வளவு நேரம் மாயகிருஷ்ணன் காலின்மேல்தான் இருந்தது. மாயகிருஷ்ணன் அதை விலக்கிவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டார். என்ன சொல்வதென்று உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். ஒரே ஒரு வரி போதும். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. டாக்டர் தட்டில் குழைத்த சிமெண்ட் மூன்று நிமிடத்தில் இறுகிவிடும், ஒரு நிமிடத்தை நான் ஏற்கெனவே பேசியே தீர்த்துவிட்டேன்.