தக்காளி நடை, வெங்காய நடை

நான் அந்தக் கார் கம்பெனிக்குத் தர வேண்டியது அறுபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபாய். முழங்கால் வைத்தியத்துக்காக என் நடையை அடகு வைத்து வாங்கியது. முழங்கால் சரியாகிவிட்டது. நடைதான் இல்லை.

மார்க்கெட்டில் முப்பத்தொரு வருஷம் மூட்டை தூக்கியவன் நான். என்னிடம் இரண்டு நடை இருந்தது. தக்காளிக்கு ஒன்று. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தலை ஆடாமல், தண்ணீர்மேல் போகிற மாதிரி. வெங்காயத்துக்கு ஒன்று. குதிகாலை ஊன்றாமல், இடுப்பை இறுக்கி, ஒரே ஓட்டம். தக்காளியை வெங்காய நடையில் கொண்டுபோனால் ரசமாகிவிடும். வெங்காயத்தைத் தக்காளி நடையில் கொண்டுபோனால் அன்றைய கூலி பாதிதான்.

கம்பெனி இரண்டையும் எடுத்து ஒரு ஒன்றரைக் கோடி ரூபாய்க் காரில் பொருத்திவிட்டது. ஸ்டீயரிங் பக்கத்தில் இரண்டு பொத்தான். நான் நாற்பத்தேழு வயதில் எழுத்துக் கற்றவன். கூட்டிப் படித்தேன். ஒன்றில் கம்ஃபர்ட். இன்னொன்றில் ஸ்போர்ட். எதிலும் என் பெயர் இல்லை.

நடையை மீட்க, என் மனைவி காசியம்மா என்னைக் கூடையில் உட்காரவைத்தாள். கையில் ஒரு கிளாஸ் டீ கொடுத்தாள். சும்மாடு சுற்றி என்னைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஷோரூமுக்குக் கிளம்பினாள். பதினோரு கிலோமீட்டர்.

"முட்டகோஸ் மூட்டகூட இப்டி முணுமுணுக்காதுய்யா. கம்முனு குந்து."

வாசலில் வாட்ச்மேன் அன்று தடுப்புக் கம்பமாக இருந்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தார்கள்.

"இன்னா விஷயம்?" என்றார்.

"என் நடையப் பாக்க வந்தேன்."

மேலே எழும்பினார்.

உள்ளே மேனேஜர் யுவராணி மேடத்தின் மேசை எதிரிலேயே தெரிந்தது. காசியம்மா நடக்க நடக்க அது தள்ளிப் போனது. முக்கால் மணி நேரம் நடந்தாள். வழியில் ஓரிடத்தில் வெயில் அடித்தது.

"உட்காருங்க ஐயா," என்றார் மேடம்.

"உட்காந்துதான் மேடம் இருக்கேன்."

"அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு."

கூடையில் உட்கார்ந்திருப்பதை உறுதி செய்கிறேன், இப்படிக்கு கன்னியப்பன் என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார். அடகுப் பத்திரத்தில் போட்டபோதும் அப்படித்தான் சொன்னார்.

"உங்க நடைமேல கம்ப்ளெய்ண்ட். காலைல பத்து மணிக்கு வண்டி டீக்கடைல தானா நின்னுடுது."

"பத்து மணிக்கு டீ குடிப்போம்."

"கம்ஃபர்ட்ல போனா ஓனருக்குப் படகு மாதிரி ஆடுதாம். ஸ்போர்ட்ல போனா அவங்க வீட்டம்மாவுக்கு முதுகு வலிக்குதாம்."

"எனக்கும் வலிச்சுது."

"அது பத்திரத்துல இல்ல. அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணா வேணும். குலுங்கக் கூடாது. ஆடக் கூடாது. சீக்கிரமும் போகணும்."

"அப்படி ஒரு நடை கிடையாது மேடம்."

"அப்ப என் புருஷன் நடையக் குடுத்துரு," என்றாள் காசியம்மா.

"வண்டிய நசுக்கிட்டோம்மா. போன செவ்வாய்க்கிழமை."

மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க ஓர் இரும்புக் கட்டி வைத்திருந்தார். செங்கல் அளவுதான். தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு குதிகால் துடித்தது.

"கடன் அப்படியே இருக்கு," என்றார் மேடம்.

காசியம்மா திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள்.

"அம்மா, நில்லுங்க."

மேடம் என் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். டீ விளிம்புவரை இருந்தது.

"எப்பக் கிளம்புனீங்க?"

காசியம்மா நேரத்தைச் சொன்னாள். மேடம் கணக்குப் போட்டார். பஸ்ஸைவிட வேகம்.

"இந்த நடைக்கு என்ன பேரு?"

"பேரா? இந்தாளக் கீழ போடவும் கூடாது. பதினோரு மணிக்குப் போயி கொத்தமல்லிக் கட்டும் எறக்கணும். அதான் இப்டி நடக்கிறேன்."

மேடம் எழுந்து நின்றார். அதுவரை யாரும் எங்களுக்காக எழுந்து நின்றதில்லை. ஒரு ஃபாரத்தை நீட்டினார். காசியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கூடையை இறக்கிவைத்து, காகிதத்தை என்னிடம் கொடுத்தாள்.

"இன்னாய்யா எழுதிருக்குது?"

வேண்டுமென்றே தப்பாகப் படித்திருக்கலாம். கற்ற எழுத்து விடவில்லை. சரியாகப் படித்தேன்.

"கடன் முழுசும் தள்ளுபடி. பதிலுக்கு உன் நடை."

"அப்பால உன்ன யாரு தூக்குறது?"

"அது இதுல எழுதல."

சும்மாட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"கடன் இல்லாத வூட்ல ஒரு நாளு எப்டி இருக்கும்னு பாக்கலாம்யா," என்று கட்டைவிரலை மையில் வைத்தாள்.

பாக்கி இல்லை என்று முத்திரை குத்தினார்கள். கூட்டிப் படித்தேன். பிழை இல்லை.

காசியம்மா என் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சும்மாடு தலையிலேயே இருந்தது. வாசல் இப்போது பத்தடியில் இருந்தது. வாட்ச்மேன் எங்களுக்காக மேலே எழும்பிக் காத்திருந்தார்.

ஆறிய டீயை ஆளுக்குப் பாதி குடித்தோம்.