வியாழக்கிழமைக் கட்டங்கள்

...அணையக் கூடாது, எந்தக் காரணம் கொண்டும் அணையக் கூடாது, இன்னும் இரண்டு சிக்னல், ஒரு மேம்பாலம், அதைத் தாண்டினால் பேட்டரிக் கடை, அதுவரைக்கும் இந்தக் கார் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்துவிட்டால் போதும், மாடிவீட்டு மருந்துக்கடைக்காரர் தன் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டபோது என்ன சொன்னார், ‘சார், வழியில அணைஞ்சா நான் வரமாட்டேன், கடை திறக்கணும்’, நியாயம்தான், பதினாலு மாதத்தில் மூன்றாவது பேட்டரி, ஒரு மனிதர் எத்தனை தடவைதான் ஒயரைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவார்... மணி பன்னிரண்டு பத்து. ஒரு மணிக்குக் கடையிலிருந்து பேட்டரிக் கம்பெனி ஆள் கிளம்பிவிடுவான். உத்தரவாதம் இன்றோடு முடிகிறது. நாளைக்கு இதே பேட்டரியைக் கொண்டுபோனால் அது வெறும் ஈயமும் அமிலமும்தான், யாரும் சீந்த மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார், காரணம் என்ற இடத்தில் ‘மின்கலம்’ என்று எழுதியதைப் பார்த்துத் தலைமையாசிரியை, ‘ஆய்வகத்துலயா, வீட்டுலயா?’ என்று கேட்டாள், கேட்கட்டும், இருபத்தாறு வருஷமாக இயற்பியல் ஆய்வகத்தின் ஒயரையும் மீட்டரையும் பார்த்துக்கொள்கிறவனுக்கு ஒரு பேட்டரி மூன்று முறை கண்ணாமூச்சி காட்டினால் சும்மா விடுவானா, விடவில்லையே, பக்கத்து இருக்கையில் மனைவியின் மடியில் இருக்கிறதே அந்த நீலக் கோப்பு, காலையும் மாலையும் அளந்து எழுதிய வோல்ட் கணக்கு, கம்பெனிக்குப் போட்ட ஏழு கடிதம், வந்த இரண்டே இரண்டு பதில்... நெஞ்சு படபடவென்று அடித்தது, பயமில்லை, பரீட்சைத் தாளைத் திருப்பியதும் எல்லாக் கேள்வியும் தெரிந்த கேள்வியாக இருக்கும்போது அடிக்குமே, அந்த அடி.

சிவப்பு. முன்னால் மணல் லாரி. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, போச்சு, அணையப்போகிறது, கால் எதை மிதிப்பது என்று தெரியாமல் தடுமாறியபோது, ‘கிளட்ச முழுசா அமுக்குங்க, அரைக் கால்ல நிக்காதீங்க’ என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, காய் வாங்கும்போது எடை சரியில்லை என்று சொல்கிற அதே குரலில். அமுக்கினார். எஞ்சின் பிழைத்தது. ‘உனக்கு எப்படித் தெரியும்?’ ‘பத்து வருஷமா பக்கத்துல உக்காந்து வரேன், காது இருக்குல்ல.’ அதுவும் சரிதான், காது இருக்கிறது... இந்த வண்டி வாங்கிய புதிதில் எனக்கும் சொல்லிக்கொடுங்க என்று கேட்டவள்தானே, அவரும் ஆசையாகப் பதினோரு படிகள் எழுதி, வரிசை எண் போட்டு, முதல் நாளே இறங்கினார், மூன்றாம் படி பின்பார்வைக் கண்ணாடி, அதிலேயே முக்கால் மணி நேரம், கழுத்து இப்படி, கோணம் அப்படி, அவள் பேசாமல் கதவைத் திறந்து இறங்கிப் போய் உலை வைத்துவிட்டாள், அதற்கப்புறம் கேட்கவே இல்லை. ‘எனக்கு எதுக்குங்க, நீங்கதான் இருக்கீங்களே.’ பச்சை. லாரி நகர்ந்தது, மேம்பாலம் ஏறியாகிவிட்டது, காற்று முகத்தில் அடித்தது, இறக்கத்தில் பழக்கதோஷத்தில் கை கியரைத் தேடியபோது ‘நியூட்ரல் போடாதீங்க’ என்றாள் மறுபடி, போடவில்லை, அவள் பேச்சை எதற்குக் கேட்டோம் என்றுகூட யோசிக்கவில்லை, பன்னிரண்டு முப்பத்திரண்டு, அதோ சந்து, அதோ மஞ்சள் பலகை, வந்தாயிற்று, எஞ்சின் ஓடிக்கொண்டே வந்தாயிற்று!

‘நீ உள்ளயே இரு, யாராவது ஒருத்தர் இருக்கணும், எதையும் தொட்டுடாதே’ என்று கைப்பிரேக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கோப்போடு பாய்ந்தார். பேட்டரிக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். ‘வாங்க சார். உங்கள பாத்தாலே எங்க பேட்டரிங்க பயந்து செத்துடுது போல.’ ‘செத்ததுக்கு ஆதாரம் இருக்கு’ என்று கோப்பைப் பலகையில் வைத்தபோது அவருக்கே தன் குரல் வாலிபக் குரலாகக் கேட்டது. பக்கத்தில் கம்பெனி ஆள், கழுத்தில் அட்டை, கையில் படிவம், பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். பக்கம் பக்கமாகப் புரட்டினான், புருவம் மேலே போயிற்று, போகட்டும், இப்படி ஒரு கணக்கை அவன் எங்கே பார்த்திருப்பான், காலை பன்னிரண்டு புள்ளி ஆறு, மாலை பன்னிரண்டு புள்ளி ஐந்து, அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது... ‘சார் நீங்க எங்க ஆபீசுக்கே வந்துடலாம்’ என்றான் அவன். அவர் சிரித்தார், உள்ளே ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது, ஜெயித்தாயிற்று, பதினாலு மாதம், ஜெயித்தாயிற்று.

‘அதென்ன கடைசியில குறிப்புன்னு ஒரு பத்தி’ என்று பேட்டரிக்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார், ‘பின்பார்வைக் கண்ணாடி மீண்டும் தாழ்ந்திருக்கிறது, எஞ்சின் அதிர்வு காரணமாக இருக்கலாம்... ஓட்டுநர் இருக்கை இரண்டு பல் முன்னால் நகர்ந்திருக்கிறது, இருக்கைத் தண்டவாளம் தளர்வு, பழுது பார்க்க வேண்டும்... மீண்டும் கண்ணாடி... மீண்டும் இருக்கை...’ நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். ‘ஏன் சார், பேட்டரிக்குக் கால் குட்டையா?’ கம்பெனி ஆள் கலகலவென்று சிரித்தான், அவரும் சிரிக்க வாயைத் திறந்தார், சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் கண் அதற்குள் தேதிகளுக்குப் போய்விட்டது, குறிப்பெல்லாம் வெள்ளிக்கிழமை, பேட்டரி செத்ததும் வெள்ளிக்கிழமை, மூன்று தடவையும், இன்றைக்கும்கூட வெள்ளிக்கிழமைதான், அப்படியானால் வியாழன், வியாழன் மாலைக் கட்டம் மட்டும் ஒவ்வொரு வாரமும் வெறுமை, வெறுமையில்லை, ‘பணி’ என்று எழுதியிருக்கிறார், வியாழக்கிழமைதானே ஆய்வகப் பொருள் சரிபார்ப்பு, வீடு திரும்ப எட்டரை ஆகும், அப்போது யார் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய் வண்டி மூடியைத் திறப்பது... பள்ளிக்கூடத்துக்கு அவர் போவது பஸ்ஸில், வண்டி வீட்டில்தான் நிற்கிறது, சாவி ஆணியில்தான் தொங்குகிறது. சாவியைப் பாதி திருப்பினால் எஞ்சின் ஓடாது, சத்தம் வராது, மாடிவீட்டுக்குத் தெரியாது, ஆனால் விளக்கு எரியும், வைப்பர் ஆடும், இடது வலது விளக்கு மினுக்கும், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், பேட்டரி மட்டும் கரைந்துகொண்டே... அரைக் கால்ல நிக்காதீங்க. நியூட்ரல் போடாதீங்க. அட! கோபமா, கோபம் வர வேண்டிய இடம்தான் இது, தேடிப் பார்த்தார், அந்த இடத்தில் கோபம் இல்லை, வேறு எதுவோ துள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் தண்டவாளத்தைப் பற்றிக் கார்க் கம்பெனிக்குத் தனியாக ஒரு கடிதமே போட்டிருந்தோமே, கடவுளே...

‘சார், அஞ்சாவது கேள்வி’ என்றான் கம்பெனி ஆள், படிவத்தை அவர் பக்கம் திருப்பி. ‘உங்களத் தவிர வேற யாராவது வண்டிய கையாளறாங்களா? போன ரெண்டு தடவையும் இல்லைன்னு போட்டிருக்கீங்க. இல்லைன்னா இப்பவே புதுசு மாட்டிடலாம். ஆமாம்னா வண்டிய உள்ள விட்டுச் சோதிக்கணும், அது திங்கக்கிழமை ஆயிடும்.’ திங்கட்கிழமை. உத்தரவாதம் இன்றைக்கு. மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்று. போன இரண்டு தடவை எழுதிய ‘இல்லை’ பொய்யில்லை, தெரியாமல் எழுதியது, இப்போது எழுதினால்... கையாள்வது என்றால் என்ன, ஓட்டுவதா, அவள் ஓட்டவில்லையே, ஓரங்குலம்கூட நகர்த்தவில்லையே, உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான், உட்கார்வது கையாள்வதாகுமா, கண்ணாடியைத் தாழ்த்துவது? மூன்றாம் படியை, அவர் சொல்லித்தராமல், தானே, ஒவ்வொரு வியாழனும்? பேனா முனை ‘இல்லை’யின் கட்டத்துக்கு மேலே வந்து நின்றது, வாழ்நாளில் ஒரு கட்டத்தையும் தெரிந்து தப்பாக நிரப்பியதில்லை, இங்கேயா, இதற்கா...

வெளியே ஹாரன். நீளமாக, விடாமல். சந்தின் குறுக்கே சிமெண்டு மூட்டை ஏற்றிய வண்டி வந்து நிற்க, அதன் ஓட்டுநர் தலையை நீட்டி, ‘ஏம்மா, கொஞ்சம் முன்னாடி எடும்மா, நாள் பூரா நிக்கச் சொல்றியா!’ என்று கத்தினான். அவர் திரும்பிப் பார்த்தார், கடைக் கண்ணாடிக்கு அப்பால் அவர் வண்டி, அவருடைய இருக்கையில் அவள், எப்போது மாறி உட்கார்ந்தாள், ஒரு கை மேலே போய்ப் பின்பார்வைக் கண்ணாடியைத் தாழ்த்தியது, வலது விளக்கு மினுக்கியது, ஒன்று, இரண்டு, மூன்று... ‘சார், வண்டி நகருது!’ என்று பேட்டரிக்காரர் எழுந்தே விட்டார். ஓட வேண்டும், கால் ஓடவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, சிக்னலில் அவருக்குக் குலுக்கியதே அதே குலுக்கல், முழுசா அமுக்கு, அரைக் கால்ல நிக்காதே, என்று அவர் உதடு தன்னால் முணுமுணுத்தது, குலுக்கல் நின்றது, சக்கரம் உருண்டது, நேராக, கோடு போட்டது போல நேராக, ஒரு வண்டி நீளம் போய் மெல்ல நின்றது. எஞ்சின் அணையவில்லை. சிமெண்டு வண்டி உறுமிக்கொண்டு கடந்து போயிற்று, புழுதிக்குள் இன்னும் அந்த விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது, அதை மட்டும் போய்ச் சொல்ல வேண்டும், இல்லை, சொல்ல வேண்டாம், அவளே பார்ப்பாள்... ‘சார், அஞ்சாவது’ என்றான் கம்பெனி ஆள், கடிகாரத்தைக் காட்டி. ‘வண்டியில இருக்கறது யாரு?’ அவர் பேனாவைப் பார்த்தார், அது எப்போது ‘இல்லை’யின் கட்டத்தை விட்டு நகர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை, ‘இருப்பா, ஒரு நிமிஷம்’ என்றார், ‘பின்னாடி எடுக்கறா பாரு’.