பூட்டிய கோட்டைக்குள் போய்வந்தவர்

தெருவில் அவரை உலகம்சுற்றியார் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தொரு வருடம் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர். அருவி, அரண்மனை, அருங்காட்சியகம், மலைமேல் கோட்டை என்று ஜனங்கள் எதையெல்லாம் பார்க்க ஆசைப்படுகிறார்களோ, அதன் வாசலிலெல்லாம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு மனிதருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்து தரையைத் தேய்த்துக் கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி ஒருநாள் பீரோவைத் திறந்து, பத்தொன்பது நோட்டுப் புத்தகங்களை எடுத்து மேசைமேல் அடுக்கினாள்.

"இதையெல்லாம் ஒரு புத்தகமா போட்டா என்ன? உங்க பயண அனுபவம்னு."

நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த நோட்டுகள் அவள் கைப்பட எழுதியவை. அவளுக்கு ஒரு பெரிய குறை, பேருந்தில் ஏறினால் தெரு முனை தாண்டுவதற்குள் குடலைப் பிரட்டும். பேருந்து ஓட்டுபவருக்கு வாய்த்த மனைவி இப்படி என்று ஊரே சிரித்தது. அதனால் அவள் எங்கேயும் போனதில்லை. ஒவ்வொரு பயணம் முடிந்து அவர் வீடு திரும்பியதும், டீயைக் கையில் கொடுத்து எதிரே உட்கார்ந்து, "ம், சொல்லுங்க. என்ன பாத்தீங்க?" என்பாள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொள்வாள். அடித்தல் திருத்தல் கிடையாது. பார்த்தால் அச்சடித்தது போல இருக்கும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல்தான். அவர் அதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

பயணிகளின் பெட்டிகள் வண்டிக்குள் இருக்கும்வரை ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது அந்தத் தொழிலில் சட்டம். அதோடு, மறுபடி எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டுமென்றால் கிடைக்கிற மூன்று மணி நேரத்தில் தூங்கித்தான் ஆக வேண்டும். எல்லோரும் இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவார்கள். இவர் கடைசி இருக்கையில் காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். உலகத்தின் அற்புதங்கள் அத்தனைக்கும் பக்கத்தில் குறட்டை விட்ட பெருமை அவரைத் தவிர வேறு யாருக்கு உண்டு?

கல்யாணமான புதிதில், முதல் பயணம் முடிந்து வந்தபோது அவள் ஆசையாகக் கேட்டாள். "தூங்கினேன்" என்று உள்ளதைச் சொன்னார். அவள் முகம் சுருங்கிவிட்டது. அந்த முகத்தை மறுபடி பார்க்க அவருக்குத் தைரியமில்லை. அடுத்த பயணத்திலிருந்து வேறு வழி கண்டுபிடித்தார். வண்டி கிளம்பும் முன்பே, ஏறுகிற ஆட்களை எடைபோட்டு, நன்றாகப் பேசக்கூடிய ஒருவரைத் தம் பின்னால் உள்ள முதல் இருக்கையில் உட்கார வைத்துவிடுவார். திரும்பி வந்ததும் மெல்லக் கிளறுவார். சில வருடங்களிலேயே அவருக்கு ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். படம் எடுப்பவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. செருப்பு கடித்தவர்கள் செருப்பைப் பற்றி மட்டும் சொல்வார்கள். வாத்தியார்கள் வருடக் கணக்கை ஒப்பித்து உயிரை வாங்குவார்கள். வீட்டாரின் தொல்லை தாங்காமல், வேண்டா வெறுப்பாக வந்தவர்கள்தான் சொக்கத் தங்கம். ஒன்று விடாமல் சொல்வார்கள்.

இதையெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது? முதல் வருடமே சொல்லியிருக்கலாம். ஒரு நோட்டு நிறைந்த பிறகு கொஞ்சம் கஷ்டம். பத்தொன்பது நிறைந்த பிறகு வாயைத் திறக்க முடியுமா? "புத்தகமெல்லாம் எதுக்கு, யார் படிக்கப் போறாங்க?" என்று மழுப்பிப் பார்த்தார். அவள் மறுநாளே நோட்டுகளைப் பையில் போட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு சின்னப் பதிப்பகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து அங்கே மெய்ப்புப் பார்க்கும் பெண் நோட்டுகளோடு வீட்டுக்கு வந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் தள்ளி வைத்துக்கொண்டு அதையே பைக்குள் தேடுகிற ஜாதி. ஆனால் வேலையில் எமன். நோட்டு நெடுக வண்ணத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தாள்.

"சார், எல்லாம் அருமையா இருக்கு. சில சந்தேகம் மட்டும். அரண்மனையில பெரிய கடிகாரம் ஒரு நோட்டுல ஓடுது, இன்னொண்ணுல நின்னு போயிருக்கு."

"நடுவுல நின்னிருக்கும்மா" என்றாள் மனைவி. கேள்வி அவருக்கு, பதில் அவளிடமிருந்து. எந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. உலகம்சுற்றியார் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, இப்படியே கரை சேர்ந்துவிடலாம் என்று நினைத்தார்.

"அப்புறம் பதினோராவது நோட்டு. அந்தக் கோட்டை."

மனைவியின் முகம் மலர்ந்தது. பத்தொன்பதில் அவளுக்கு உயிரானது அந்தப் பக்கங்கள்தான். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்து அவள் ஒரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவர் வந்து சொன்னது. கோட்டை உச்சியில் ஒரு ஜன்னல். அங்கே நின்று பார்த்தால் ஏழு ஏரிகள் தெரியும். ஏழும் ஏழு நிறம். வலி தாங்காத நாட்களில் அந்த ஏரிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு படுத்திருந்ததாக அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பராமரிப்புக்காகக் கோட்டையை மூடியிருந்தாங்களாம் சார். நீங்க எப்படி உள்ள போனீங்க?"

கடித்த பிஸ்கட்டை அவர் தட்டிலேயே வைத்தார். மூடித்தான் இருந்தது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்த நாற்பது பயணிகளும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வழி நெடுக வாயே திறக்கவில்லை. படுக்கையில் கிடப்பவளிடம் வெறுங்கையோடு போகவும் மனசு வரவில்லை. முந்தைய பயணங்களில் கேட்டிருந்த பீரங்கி, படி, கிணற்றோடு அந்த ஜன்னலையும் ஏரிகளையும் சேர்த்துச் சொன்னார்; வாழ்க்கையிலேயே அவர் சொந்தமாக இட்டுக்கட்டியது அவை மட்டும்தான்.

"இவருக்குத் தெரியாத வாட்ச்மேன் எந்த ஊர்ல இருக்கான்?" என்றாள் மனைவி பெருமையாக. "இவருக்கு மட்டும் திறந்து விட்டிருப்பாங்க. இல்லீங்க?"

தலையை ஆட்டினால் போதும், தப்பித்துவிடலாம். ஆட்டியும் விட்டார்.

அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். "பூட்டின கோட்டைக்குள்ள போய் வந்த ஒரே ஆள்! அப்போ இதான் சார் முதல் அத்தியாயம். அட்டையிலயும் இதையே போட்டுடலாம்!"

இதுவரை பொய் பீரோவுக்குள் இருந்தது. இனி அட்டையில் வரும், அவர் பெயரோடு. அதை மனைவி தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். யாராவது ஒருவன் சிரித்தால் அவமானம் அவளுக்கும்தான். உலகம்சுற்றியாருக்கு வியர்த்து ஊற்றியது.

"நான் போகல" என்றார்.

"எங்க?"

"எங்கயுமே."

ஒருமுறை ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. துண்டு, கடைசி இருக்கை, முதல் இருக்கை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மெய்ப்புப் பார்க்கும் பெண் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் அப்புறமா வரேன்" என்று செருப்பை மாட்டினாள்.

மனைவி பதினோராவது நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தாள்.

"அப்போ அந்த ஏழு ஏரி?"

"இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"தெரியாது. மேல ஏறிப் பாத்தாத்தானே."

அவள் நோட்டுகளை அடுக்கி எடுத்துப்போய் பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஐந்து நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின, அதுவும் சத்தமாக. புத்தகம் வராமல் போனால் அவருக்கு ஒரு நஷ்டமுமில்லை. ஆனால் இத்தனை வருடச் சாயங்காலங்களையும் அவள் இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இதுவும் பொய்யா, அதுவும் பொய்யா என்று சந்தேகப்படுவாளே என்பதுதான் அவரை அரித்தது. சாப்பாடு இறங்கவில்லை. இறங்காததை அவள் கவனித்ததாகவும் காட்டிக் கொள்ளவில்லை.

ஆறாம் நாள் காலையில் அவள் வெளியே கிளம்பத் தயாராக வந்து நின்றாள். தோளில் பை. அதில் பதினோராவது நோட்டு, வாந்தி மாத்திரை, நான்கு பிளாஸ்டிக் உறைகள்.

"கோட்டைக்குப் போறோம். இதுல எது நெசம் எது பொய்னு நான் பாக்கணும். பாத்துட்டு வந்து சொல்றேன், புத்தகம் வேணுமா வேண்டாமான்னு."

"பஸ்ல மூணு மணி நேரம் ஆகும். உன்னால முடியாது."

"அதை நான் பாத்துக்கறேன்."

மூன்று உறைகள் தீர்ந்தன. அவள் கண்ணை மூடி, பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இவர் ஒவ்வொரு வளைவிலும் காலால் தரையை மிதித்து, இல்லாத பிரேக்கைப் போட்டுக்கொண்டே வந்தார். வண்டி ஓட்டிய இளைஞன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு முறைத்தான். கோட்டை வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். உலகம்சுற்றியார் மட்டும் அசையாமல் இருந்தார். கை தானாகத் தோள் துண்டைத் தேடியது.

"எறங்குங்க" என்றாள் மனைவி. ஐந்து நாளுக்குப் பிறகு கொஞ்சம் மென்மையாக வந்த வார்த்தை அது.

வாசலைத் தாண்டியதும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அவர் நின்றார். இந்த இடத்துக்கு நாற்பது தடவையாவது வந்திருப்பார். அவளுக்கு இது முதல் தடவை. அவள்தான் முன்னால் நடந்தாள். "இடது பக்கம். இப்போ ஒரு பீரங்கி வரணும், வாய்க்குள்ள குருவிக் கூடு இருக்கணும்." பீரங்கி வந்தது. கூடும் இருந்தது. நோட்டில் பென்சிலால் ஒரு சரி போட்டாள். படிகள் முந்நூற்று எண்பது என்று எழுதியிருந்தது. எண்ணிக்கொண்டே ஏறினாள். முந்நூற்று எழுபத்தாறு. "நாலுதானே, போகட்டும்" என்று அதற்கும் சரி போட்டாள். பழைய கிணற்றில் குரல் கொடுத்தால் மூன்று தடவை திரும்பி வரும் என்று இருந்தது. எட்டிப் பார்த்து "என்னங்க!" என்று கூவினாள். கிணறு மூன்று தடவை அவரைக் கூப்பிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் உதட்டோரமும் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. கேட்க அவருக்குத் துணிவில்லை.

கடைசியாக உச்சி. அங்கே நிஜமாகவே ஒரு ஜன்னல் இருந்தது. அவள் அருகே போய் நின்றாள். அவர் இரண்டடி பின்னால், தலையைக் குனிந்துகொண்டு.

ஏரி ஒன்றும் இல்லை. நேர் கீழே வண்டிகள் நிறுத்துமிடம். பத்துப் பன்னிரண்டு பேருந்துகள் வெயிலில் வரிசையாக நின்றன. ஒரு வண்டியின் கதவு வழியே யாரோ ஓட்டுநரின் இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"உங்க இடம் எது?"

"அந்த மரத்தடி. மத்தியானம் வரைக்கும் நிழல் இருக்கும்."

"இவ்வளவு பக்கமா?" அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "கூப்பிடு தூரத்துல இருந்திருக்கீங்க. ஒரு தடவை கூடவா ஏறணும்னு தோணல?"

"தோணும். ஆனா முழிச்சதும் எல்லாரும் வந்துடுவாங்க. அவங்க மறக்கறதுக்குள்ள கேட்டுக்கணும். கேட்டதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் பேச மாட்டேன். கிளீனர் கூட என்னை உம்மணாமூஞ்சின்னுதான் சொல்லுவான். வேற பேச்சு பேசினா கலந்துடும்ல. உன்கிட்ட அப்படியே கொண்டாந்து சேக்கணுமே."

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டாள். அந்த மரத்தடியை நெடுநேரம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பஸ் கிறுகிறுப்பு இன்னும் தீரவில்லை போலும் என்று நினைத்து அவர் மிச்சமிருந்த ஒரு உறையை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டுச் சிரித்தாள், கண்ணில் நீரோடு. ஆறு நாளில் முதல் சிரிப்பு. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜன்னல் திண்டில் உட்கார்ந்து, நோட்டின் பின்பக்கத்தில் வெற்றுத் தாள் ஒன்றைத் திருப்பி, பென்சிலோடு அவர் மடியில் வைத்தாள்.

"புத்தகம் போடலாம். ஆனா புதுசா எழுதணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமே."

"இருக்கட்டும். எழுதுங்க. 'என் கணவர் எந்த ஊரையும் பார்த்ததில்லை.'"

அவர் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் எழுதினார்.

"எழுதியாச்சா? அடுத்த வரி. 'நான் எல்லா ஊரையும் பார்த்திருக்கிறேன்.'"

அவருக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியையும் எழுதினார். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.